அக்கரையில் விட்ட சொந்தம்

பிஜித் தீவில் நாடி நகரத்துக்குப் பக்கம் கரும்பு போட்டிருக்கும் ஒருவருக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் உயரம் அங்குலக் கணக்கில் தெரிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே தழும்பு இருந்ததா, மச்சம் எங்கே இருந்தது, தகப்பன் பெயர் என்ன, எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், எந்தக் கப்பல் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கும். கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்து ஓய்ந்துபோன பாட்டிக்கோ சிலோனில் விட்டுவந்த கூடப்பிறந்த தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. பிஜிக்காரர் தேடுவது எப்போதோ செத்துப்போன ஆளை. பாட்டி தேடுவது இந்நேரம் ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வரிசைவீட்டு வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கக்கூடிய ஆளை. கடல் கடந்து போன நம் சனங்களின் கதையில் எனக்கு ஆறாத விஷயம் இந்தத் தலைகீழ்தான். செத்தவர்களைக் கண்டுபிடித்துவிட முடிகிறது, இருப்பவர்கள்தான் அகப்படுவதில்லை.

செத்தவர்கள் ஏன் அகப்படுகிறார்கள் என்பதை முதலில் பார்ப்போம். 1879இலிருந்து 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக பிஜிக்குப் போனார்கள். சென்னையிலிருந்து ஆள் பிடிக்க ஆரம்பித்தது 1903இல். அதன்பின் தெற்கிலிருந்து மட்டும் சுமார் 15,000 பேர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பலே சென்னையிலிருந்துதான் போனது. ‘ட்ரூரோ’ என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தைத் தொட்டது. 1911க்குள் அங்கே இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இன்றைக்கும் டர்பனில் தன் வம்சத்தைத் தேடுகிறவர் முதலில் விசாரிப்பது அந்த எண்ணைத்தான். மொரீஷியஸில் இன்னும் ஒரு படி மேலே போய் 1860களிலிருந்து வந்தவர்களைப் படமும் எடுத்து வைத்தார்கள். அந்தப் படங்களும் பேரேடுகளும் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளூரில் அதே காலத்தில் வாழ்ந்து செத்த எத்தனை ஏழைகளுக்குப் புகைப்படம் இருக்கிறது?

இதெல்லாம் எந்தக் கருணையிலும் எழுதப்பட்டதல்ல. ஆள் ஓடிப்போனால் பிடித்து வர அங்க அடையாளம் வேண்டும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளியிடம் மாற்றிவிட எண் வேண்டும். செத்தால் கணக்கில் கழிக்கத் தேதி வேண்டும். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரிப் போட்டதுதான் அந்தத் தழும்பு விவரம். அதையே இன்று கொள்ளுப்பேத்தி பிரதி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டு நடையில் மாட்டுகிறாள். தாத்தாவுக்குத் தழும்பு இருந்தது என்பது அவளுக்குச் சொத்து. பிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் ஆவணங்களை 2011இலும் மொரீஷியஸ் ஆவணங்களை 2015இலும் யுனெஸ்கோ தன் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்த்தது. காகிதத்துக்கு வந்த மரியாதை காகிதத்தில் இருந்தவர்களுக்கு உயிரோடு இருந்தபோது வரவில்லை.

இந்தத் தேடலில் கஷ்டம் ஆரம்பிப்பது காகிதம் கையில் கிடைத்த பிறகுதான். தாளில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று இருக்கும். வட ஆற்காடு இன்று எங்கே இருக்கிறது? 1911இல் அதிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்துத்தான் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். ஆக, 1890இல் கப்பலேறியவரின் ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம். மிச்சம் இருந்த வட ஆற்காடு 1989இல் இரண்டானது. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. செங்கல்பட்டு ஜில்லாவின் கதையும் இதே மாதிரிதான். போதாததற்கு, ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியவர் துறைமுகத்து எழுத்தர். நல்லூர் என்று எழுதியிருந்தால் எந்த நல்லூர்? பாளையம் என்று முடிந்தால் எத்தனை பாளையம்? ஊரில் கர்ணம் இருந்த காலத்தில் நாலு தலைமுறை வம்சக் கணக்கை அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயம்தான், அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து நடந்த அநியாயம் கொஞ்சமில்லை. ஆனால் அவர்களோடு ஒரு ஞாபகக் கிட்டங்கியும் போனது. இன்றைய கிராம நிர்வாக அலுவலர் மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறவர். அவரிடம் 1890 பற்றிக் கேட்டால் பாவம், என்ன செய்வார்?

இதையும் தாண்டி ஊரைக் கண்டுபிடித்து வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து இறங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு பெரும்பாலும் ஒரு பதைப்பு. வெள்ளைத் தொப்பியும் தோளில் கேமராவுமாக ஒருவர் வந்து, “எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் இந்த ஊருதானாம்” என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொன்னால், மந்தையில் உட்கார்ந்திருப்பவர்கள் மனசில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: பூர்விக நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறானோ? பட்டாவில் இன்னும் கூட்டுப்பெயர் மாறாத குடும்பமாக இருந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் தூக்கம் இல்லை. வந்தவருக்கு அந்த மண்ணில் ஒரு பிடி போதும் என்பது அவர்களுக்குப் புரிய இரண்டு நாளாவது ஆகும்.

அந்த இரண்டு நாளில் சந்தேகம் தீர்வது பெரும்பாலும் குலதெய்வத்தால். பெயர் திரியும், சாதி திரியும். படையாச்சி ‘படயாச்சி’யாகி அதுவே வம்சப் பெயராகும்; கவுண்டர் ‘கவுண்டன்’ ஆகிப் பிறகு ‘கோவென்டர்’ ஆவார். ஆனால் சாமி பெயரை நம் சனம் எளிதில் விடுவதில்லை. எந்தச் சாமி, என்ன படையல், கிடா வெட்டா, சைவமா, எந்த மாசம் கும்பிடு, யார் முதல் மரியாதை என்று வரிசையாகக் கேட்டு, பதில் ஒத்து வந்தால் பெரியவர் சொல்லிவிடுவார், “நம்ம பங்காளிதான்” என்று. மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் அனுப்பிக் காத்திருப்பதைவிட இது வேகமானது. மாசி சிவராத்திரியில் பங்காளிகள் கூடுகிற கோயில்களில் இப்படிக் கடல் தாண்டி வந்து பந்தியில் உட்காருகிறவர்கள் ஒன்றிரண்டு பேராவது இப்போது தென்படுகிறார்கள்.

இந்தத் தேடலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதில் யாருக்கும் நெஞ்சு அடைப்பதில்லை. ஐந்தாம் தலைமுறை வந்து நிற்கும்போது “ஏன் இத்தனை நாள் வரல?” என்று கேட்க ஆள் கிடையாது. கேட்க வேண்டியவர்கள் செத்து நூறு வருஷமாகிவிட்டது. சந்தோஷமாக ஒரு பொங்கல் வைத்துவிட்டு ஊருக்குப் போகலாம். இந்திய அரசாங்கத்துக்கும் இது பிடித்த விஷயம். மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஏழாவது தலைமுறைக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை (ஓ.சி.ஐ.) அட்டை தரலாம் என்று 2024இல் அறிவித்தார்கள்.

சிலோன் கதை வேறு.

நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்கு இருந்த மாதிரி ஒரு தாள் சிலோனுக்குப் போனவர்களுக்கு இல்லை. பாக் ஜலசந்தி இருபது மைல் சொச்சம். கங்காணி ஊருக்கு வந்து தன் சாதிசனத்தைத் திரட்டுவான், முன்பணம் கொடுப்பான், கூட்டிப்போவான். கணக்கு அவன் மடியில். 1901 வாக்கில் தகர டிக்கெட் வந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்துக்கும் ஆளுக்கும் எண்கள் குத்தியிருக்கும், பெயர் இருக்காது. தோட்டத்தில் போய் இறங்கினால் வழிச்செலவை அவன் பற்றில் எழுதுவார்கள். பிஜிக்குப் போனவனைத் தேட அவன் தழும்பு இருக்கிறது. சிலோனுக்குப் போனவனைத் தேட அந்தத் தகரமும் இல்லை. அதற்கான தேவையும் அன்றைக்கு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வந்து போகிற தூரம்தான் அது. பெண் கொடுக்க, பெண் எடுக்க, கோயில் கொடைக்கு வர என்று போக்குவரத்து அறுபடாமல் இருந்தது. 1914இல் ரயிலும் கப்பலும் சேர்ந்த பிறகு எழும்பூரில் டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்து மலைநாட்டுக்குப் போகலாம்.

தொலைந்துபோனது அதற்கப்புறம்தான். அதுவும் காட்டிலோ கடலிலோ அல்ல, இரண்டு அரசாங்கங்களின் கணக்கில். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இவர்களைப் பங்கு பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நாலு பேர் இலங்கைக்கு என்ற விகிதமும் பேசி வைத்தார்கள். இந்தக் கணக்கில் யாரையும் யாரும் கேட்கவில்லை என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். முழு உண்மை அதைவிடச் சிக்கலானது. கேட்டார்கள், விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். அங்கேதான் குடும்பம் உடைந்தது.

குடும்பம் என்று அரசாங்கம் எண்ணியது புருஷன், பெண்டாட்டி, வயசுக்கு வராத பிள்ளைகள். தோட்டத்தில் குடும்பம் என்றால் லயத்தில் வரிசையாக நாலு காம்பிராவில் இருக்கும் அண்ணன் தம்பி, அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், விதவை அத்தை, கல்யாணம் கட்டிப் பக்கத்து டிவிசனில் இருக்கும் அக்காள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதினான், ஊரில் அப்பன் வாங்கிப்போட்ட அரை ஏக்கர் இருக்கிறதென்று. தம்பி இலங்கைக்கு எழுதினான், பெண்டாட்டி வீட்டார் அங்கே இருக்கிறார்களென்று. யூனியன் தலைவர் ஒன்று சொன்னார், பெரியங்காணி ஒன்று சொன்னார், கிளாக்கர் வேறொன்று எழுதினார். சில வீடுகளில் பாஸ்போர்ட் வந்த பிறகுதான் யார் எந்த நாடு என்பதே தெரிந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினி வந்தபோது மனசு மாறி இந்தியா கேட்டவர்கள் உண்டு. பிறகு 1977 கலவரம், 1983 கலவரம்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் பண்டாரவளையிலும் இந்தச் சனத்தை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்பார்கள். ஸ்டேஷனில் நின்றவர்கள் எல்லோரும், ஏறினவர்களும் வழியனுப்ப வந்தவர்களும், ஆறு மாதத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார்கள். அதுவரை அப்படித்தானே இருந்தது? 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமே ஒரு விசித்திரம். ஆதியில் சிலோனுக்குப் போகிறவர்களை அடைத்து வைத்து நோய் சோதித்து அனுப்ப உண்டாக்கிய இடம். பிறகு அவர்கள் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோது தங்க வைத்த இடம். அதற்கும் பிறகு போரில் தப்பி வந்த அகதிகளுக்கான இடம். போக, வர, ஓடி வர எல்லாவற்றுக்கும் ஒரே கொட்டகை.

நான்கரை லட்சம் பேருக்கும் மேல் வந்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரியில் ரப்பர், ஆந்திராவில் நூற்பாலை, கர்நாடகத்தில் புத்தூர், சுள்ளியா ரப்பர் தோட்டம் என்று எங்கெங்கோ அனுப்பினார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது வியாபாரக் கடன். கொழுந்து பறித்த கைக்கு வியாபாரம் எங்கே வரும்? கடனை வாங்கித் தின்று தீர்த்துவிட்டு, குளிரும் தேயிலையும் இருக்கிற இடமாகப் பார்த்துக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கொடைக்கானலுக்கும் ஏறினார்கள். அரசாங்கம் எழுதி வைத்த விலாசத்தில் ஆள் இல்லை.

அக்கரையிலும் அதே கதி. தோட்டங்களை 1972இலும் 1975இலும் அரசு எடுத்தது. 1992இல் கம்பெனிகளிடம் விட்டது. தோட்டத்து ஆட்களின் பேரேடான செக்ரோல் புத்தகங்கள் எத்தனை கை மாறின, எத்தனை எரிந்தன என்று யார் கணக்கெடுத்தார்கள்? கலவரத்துக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இறங்கிப்போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் 2009 வரை போருக்குள் கிடந்தார்கள். 1984இல் கப்பல் நின்றது. கடுதாசி கொஞ்ச காலம் ஓடியது. பிறகு ‘பெறுபவர் இல்லை’ என்று முத்திரை குத்தித் திரும்ப ஆரம்பித்தது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். கம்பெனி வைத்த ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று, சனம் வைத்த தமிழ்ப்பெயர் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குத் தெரிந்தது தமிழ்ப்பெயர். தபால்காரருக்குத் தெரிந்தது துரை வைத்த பெயர். பழைய ஃபெர்குசன் டைரக்டரியில் இரண்டையும் பொருத்திப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தோட்டத்துரைகளுக்காகப் போட்டது அது. இன்று தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்த இடத்தில் கொரியாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. போரில் பிரிந்த குடும்பங்களுக்காக 1983 ஜூன் 30 அன்று தென்கொரியாவின் அரசுத் தொலைக்காட்சி கே.பி.எஸ். ஒரு நேரடி நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஒரே ராத்திரியில் முடிக்கிற திட்டம். நவம்பர் 14 வரை, 138 நாள், மொத்தம் 453 மணி 45 நிமிஷம் ஓடியது. 53,536 பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு காமிரா முன்னால் நின்றார்கள். 10,189 குடும்பங்கள் சேர்ந்தன. அட்டையில் எழுதியது என்ன? பெயர், பிரியும்போது வயசு, ஊர், எந்தத் தெருவில் எப்படிக் கை விட்டுப்போனது, உடம்பில் என்ன அடையாளம். எந்த அரசாங்க ஆவணமும் இல்லை, ஞாபகம் மட்டும். பல பேருக்குத் தங்கள் சொந்தப் பெயர்கூட நிச்சயமில்லை. அதே 1983இல், அதே கோடையில்தான் இலங்கையில் நம் சனத்துக்குக் கறுப்பு ஜூலைக் கலவரம். நம்மிடமும் அப்போது தொலைக்காட்சி இருந்தது, வானொலி இருந்தது. இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தைக் காது தீட்டிக் கேட்காத தென்மாவட்ட வீடு உண்டா? ஆளைத் தேட அந்த வானலையை யாரும் நமக்காக முழுசாகத் திறந்துவிடவில்லை.

பஞ்சாபில் சாதாரண ஆட்களே திறந்தார்கள். பாகிஸ்தானில் நாசிர் தில்லான் என்பவர் நண்பர்களோடு நடத்தும் ‘பஞ்சாபி லெஹர்’ என்ற யூடியூப் சேனல், 1947இல் பிரிந்தவர்களைப் பேச வைத்துப் படம் எடுத்துப் போடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரோ பார்த்துவிட்டு, “இது எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்ற கதையாச்சே” என்கிறார்கள். 2019இல் எல்லையைத் தாண்டிப் பாகிஸ்தானின் கர்த்தார்பூருக்கு வழி திறந்தது. விசா இல்லாமல் அங்குள்ள குருத்வாராவுக்குப் போக முடிந்தது. 2022 ஜனவரியில் 74 வருஷம் பிரிந்திருந்த இரண்டு சகோதரர்கள் அங்கே கட்டிப்பிடித்து அழுததை உலகமே பார்த்தது. அவ்வளவு பகை உள்ள எல்லையில் அது முடிந்தது.

நம் பக்கத்திலும் நடக்காமல் இல்லை. சின்னதாக, சத்தமில்லாமல் நடக்கிறது. தோட்டத்துப் பள்ளி வாத்தியார்தான் பெரும்பாலும் முதல் கண்ணி. பாடசாலைச் சேர்வு இடாப்பில் 1960களின் பெயர்கள் தகப்பன் பெயரோடு இருக்கும். மாதா கோயில் ஞானஸ்நானப் புத்தகம் இன்னொன்று. மாரியம்மன் கோயில் கல்லில் உபயதாரர் பெயர். தோட்டக் கமிட்டித் தலைவர். வாட்ஸப்பில் மலையகப் பையன்கள் நடத்தும் குழுக்கள். நீலகிரியில் ஒரு வீட்டில் இப்படிக் கிடைத்த தொடர்பில் அக்காளும் தம்பியும் முதல் தடவை கைப்பேசியில் முகம் பார்த்ததை நான் கூட இருந்து பார்த்தேன். தம்பி அங்கே ஹட்டன் பக்கத்தில். இரண்டு பேருக்கும் பல் இல்லை. பேரன் கைப்பேசியைப் பிடித்திருக்கிறான். அக்காளுக்குச் சந்தேகம்; இந்தக் காலத்தில் யாரை நம்புவது?

“நீ எங்க தம்பின்னா சொல்லு பாப்பம். நம்ம வீட்டுப் பசுவுக்கு என்னா பேரு?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குரல் வந்தது.

“லெச்சுமி. அத வித்துத்தான நீங்க கப்பலேறுனீங்க. அந்தக் காசுல எனக்குப் பாதி தாரேன்னு அத்தான் சொன்னாரு அக்கா. இன்னை வரைக்கும் தரல.”

அக்காள் அழுவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். சண்டை பிடித்தாள். பசுவை விற்ற காசில் அம்மாவின் காரியக் கடன் அடைத்தது போக மிச்சம் எவ்வளவு, யார் கையில் கொடுத்தது, அன்றைக்கு நீ எங்கே போயிருந்தாய் என்று அரை மணி நேரம் கணக்குப் பேசினார்கள். அத்தான் செத்துப்போன சேதியே அந்தக் கணக்கின் நடுவில்தான் தம்பிக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அந்தப் பசுவைப் பற்றி இவ்வளவு விவரமாக வேறு யார் சண்டை பிடிக்க முடியும்? எந்தப் பாஸ்போர்ட்டிலும் லெச்சுமி இல்லை.

கண்டுபிடித்த பிறகு எல்லாம் சுகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. சேர்ந்த சொந்தம் மூன்றாம் மாசம் பேச்சை நிறுத்திய வீடுகள் உண்டு. இந்தியாவில் இருக்கிறவர் வசதியாக இருப்பார் என்று அங்கே நினைக்கிறார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று இங்கே நினைக்கிறார்கள். கல்யாணத்துக்குக் கேட்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குக் கேட்கிறார்கள். அங்கே ஒரு பெண்டாட்டியை விட்டு வந்து இங்கே இன்னொரு குடும்பம் நடத்தியவரை மகள் தேடிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? அவர் தொலைந்து போகவில்லை, ஒளிந்துகொண்டார். செஞ்சிலுவைச் சங்கத்தார் இதில் நம்மைவிட அனுபவசாலிகள். 1870இல் பாசல் நகரத்தில் போர்க்கைதிகளுக்காக ஆரம்பித்த வேலை அது; முதல் உலகப் போர் முடிவதற்குள் ஜெனீவாவில் லட்சக்கணக்கில் அட்டைகள் சேர்ந்துவிட்டன. ஆளைக் கண்டுபிடித்துவிட்டாலும், அந்த ஆள் சம்மதிக்காமல் தேடியவரிடம் விலாசத்தைக் கொடுக்க மாட்டார்கள். முகநூலில் படத்தைப் போட்டு ‘அதிகம் பகிருங்கள்’ என்று எழுதுகிறவர்கள் இந்த ஒன்றையாவது அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனாலும் தேடத்தான் வேண்டும், அதற்கு வழி செய்ய வேண்டியவர்கள் செய்யவும் வேண்டும். இந்தியத் துணைத் தூதரகம் கண்டியில் இருந்தது. ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பம் இருந்தது. மண்டபத்தில் இறங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்ப அட்டை இருந்தது. அவற்றில் தோட்டத்தின் பெயரும் வீட்டார் பெயர்களும் எழுதியிருந்தார்கள். பிஜிக்குப் போனவர்களின் தாளைவிட விவரமான காகிதம் இது. சென்னையிலும் டில்லியிலும் கொழும்பிலும் இது மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும், பெயரைச் சொல்லித் தேடக்கூடிய பட்டியலாக ஒரு கிழவி கைக்கு எட்டும்படி இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கப்பல் பட்டியலைக் கணினியில் ஏற்ற முடிகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கப்பலின் பட்டியலை ஏற்ற முடியாதா? ஏற்றினால் கேள்விகளும் வரும். யாரைப் பிரித்தீர்கள், யாருக்கு என்ன தருவதாகச் சொன்னீர்கள், என்ன தந்தீர்கள் என்று வரிசையாக வரும். செத்தவர்களின் காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் சிலோனிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். தோட்டத்தின் இரண்டு பெயரையும் கேளுங்கள், சனம் சொன்னதும் துரை சொன்னதும். எந்த டிவிசன், எந்த லயம், பக்கத்து காம்பிராவில் யார். கங்காணி பெயர், கணக்கப்பிள்ளை பெயர். அங்கேயே இருந்துவிட்டவர்களின் வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும். குலதெய்வம், இந்தியாவில் பூர்விக ஊர். கடைசியாக வந்த கடுதாசி எங்கிருந்து, எந்த வருஷம். கைப்பேசியில் அவர் குரலிலேயே பதிந்து வையுங்கள். மாடு கன்று பெயரையும் விட்டுவிடாதீர்கள். சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட அன்று இருபது வயசாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது.